எலிகளுக்கு விடுமுறை கிடையாது

அன்பு மகள் சுமதிக்கு, செஞ்சியிலிருந்து அம்மா எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்து சில நாளாகிறது. தபால்காரர் சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு, "பொண்ணு கடுதாசிம்மா. இந்த வாட்டி தடியா இருக்குது" என்று நீட்டினார். தடியான கடிதம் என்றால் நல்ல சேதிதான் இருக்கும் என்று எதனாலோ நினைத்துக்கொண்டேன். நின்றபடியே பிரித்துப் படித்தேன். படித்துவிட்டு உள்ளே போனபோது அடுப்பில் பருப்பு அடிபிடித்துக் கருகியிருந்தது. உடனே பதில் எழுத உட்கார்ந்தால் மனசு சொல்வதையெல்லாம் கை எழுதிவிடும் என்று பயந்து தள்ளிப்போட்டேன். இன்றைக்குப் பகல் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, கூடத்தில் வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். பொழுது சாய்வதற்குள் முடித்துவிட வேண்டும். நீளமாகத்தான் இருக்கும். எலிகளுக்குத் தீனி வைத்துவிட்டு, கை கால் கழுவிக்கொண்டு, நிதானமாகப் படி.

நீ எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எம்.எஸ்ஸி. இரண்டாம் வருஷத்தில் ஒவ்வொருவரும் ஓர் ஆராய்ச்சி செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். உனக்குக் கொடுத்திருப்பது வெள்ளை எலிகள். ஒரு கூண்டு எலிகளுக்கு எல்லாச் சத்தும் சேர்ந்த தீனி. இன்னொரு கூண்டுக்குக் கண்ணுக்கு வேண்டிய சத்தை மட்டும் எடுத்துவிட்ட தீனி. இரண்டாவது கூண்டில் இருப்பவற்றுக்கு இப்போது இமை வீங்கி, கண் வறண்டு, பார்வை மங்கிவிட்டது. மாதக் கடைசியில் அவற்றைக் கொன்று ஈரலை எடுத்துச் சோதிக்க வேண்டும். அதை நீதான் உன் கையால் செய்ய வேண்டும். "நீ அப்போது சுவரைத் தடவிக்கொண்டு வந்த மாதிரியே அதுகளும் கம்பியைத் தடவிக்கொண்டு போகின்றன அம்மா" என்று எழுதியிருக்கிறாய். என்னால் முடியாது, படிப்பை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா, நீயும் அங்கே தனியாகத்தானே இருக்கிறாய் என்று கேட்டிருக்கிறாய்.

நான் சுவரைத் தடவியது உனக்கு இத்தனை தெளிவாக நினைவிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. உனக்கு அப்போது ஏழு வயது. உனக்குத் தெரிந்தது பாதிதான் இருக்கும். மீதியை நான் சொல்கிறேன். மேல்சித்தாமூரில் பெரியப்பா வீட்டை விட்டு நாம் செஞ்சிக்குக் குடிவந்து, உன் நைனா மல்லாட்டை மண்டி போட்டு, வேர்க்கடலை மூட்டை வாங்கி விற்க ஆரம்பித்திருந்த புதிது. நான் இரண்டாவது முறை உண்டாகியிருந்தேன். மழைக்காலம். நம் ஜைனர் வீடுகளில் அந்த மாதங்களில் கீரையைத் தொடுவதில்லை. இலை மறைவில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கும் என்பது கணக்கு. கிழங்கு எப்போதுமே கிடையாது. வெளிச்சம் போவதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவோம், அதற்குப் பிறகு வீட்டில் வேலை என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. அதனால் என் கண் மங்கியது யாருக்கும் தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை. எண்ணெய் சரியில்லை என்று விளக்குத் திரியைத் தூண்டித் தூண்டி விட்டுக்கொண்டிருந்தேன். கொல்லையில் தொட்டி மேல் இடித்துக்கொண்டபோது மேகம் போட்ட இருட்டு என்று நினைத்தேன்.

கண்டுபிடித்தது நீதான். ஒரு சாயங்காலம் எதற்கோ என்மேல் கோபித்துக்கொண்டு, என் முகத்துக்கு எதிரே நின்று நாக்கை நீட்டிப் பழித்திருக்கிறாய். நான் திட்டவில்லை. இன்னொரு தரம் பழித்தாயாம். அப்போதும் நான் திட்டவில்லை. அழுதுகொண்டே மண்டிக்கு ஓடிப்போய், "நைனா, அம்மாவுக்கு நான் தெரியல" என்று சொன்னாய். அவர் மூட்டையை எடை போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே விட்டுவிட்டு வந்து, என் முன்னால் விரலை நீட்டி, "இது எத்தினி சொல்லு" என்றார். விரல் எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. குரல் வந்த பக்கம் பார்த்துச் சிரித்தேன்.

மறுநாள் உன்னையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே அப்போது ஒரு லேடி டாக்டர் இருந்தார்கள். என் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மாலைக்கண் என்றார்கள். வயிற்றுப் பிள்ளைக்கே சத்து பற்றவில்லை, அப்புறம் கண்ணுக்கு எங்கேயிருந்து வரும் என்று சத்தம் போட்டார்கள். ஒரு பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார்கள். மீன் ஈரல் எண்ணெய்.

"இது வேணாங்க" என்றேன்.

"மருந்தும்மா. சாப்பாடு இல்ல."

"மீன்லேர்ந்து எடுத்ததுதானுங்களே."

"இத நீ குடிக்கலன்னா ஒரு நாளைக்குக் கெணத்துல உழுந்து வெப்ப. அது பரவால்லியா உனுக்கு?"

நான் உன் நைனாவைப் பார்த்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உன் கண்ணு, உன் வயிறு. நான் குடின்னும் சொல்ல மாட்டன், வேணாம்னும் சொல்ல மாட்டன்" என்றார். என் கல்யாண வாழ்க்கையில் அவரிடம் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை அது என்று பின்னால் பலமுறை நினைத்திருக்கிறேன். அந்த நிமிஷத்தில் மட்டும் அவர் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடக்கூடாதா என்றிருந்தது. நான் வேண்டாம் என்றேன். டாக்டரம்மா பாட்டிலை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, கோபம் ஆறாமலே சொன்னார்கள்: "அப்படின்னா முருங்கக்கீர. தெனம் ரெண்டு வேள. நெய் ஊத்தித் தின்னணும். பப்பாளி கெடைச்சா பப்பாளி. மழக்காலம், நோம்பு, அது இதுன்னு எங்கிட்ட வந்து நிக்காத." நாங்கள் எழுந்துகொண்ட பிறகு நீ மட்டும் அங்கேயே நின்றாய். "கீரையிலயும் மீன்லயும் ஒரே மருந்து எப்பிடி இருக்கும்?" என்று அவர்களைக் கேட்டாய். அவர்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "படிச்சி வந்து நீயே எனக்குச் சொல்லு" என்றார்கள்.

மழைக்கால விரதத்தை விட்டுக்கொடுத்தேன், மீனை விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடிந்தது. கீரையை ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்த்து, பூச்சி இருந்தால் ஊதி மரத்திலேயே விட்டுவிட்டு எடுத்து வருவது உன் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதைத்தான் செய்வாய். பொழுது சாய்ந்தால் என் கையைப் பிடித்துக் கொல்லைக்கும் கூடத்துக்கும் அழைத்துப் போவாய். கண் முழுதாகத் திரும்பப் பல மாதம் ஆயிற்று.

அதற்குள் உன் தம்பி பிறந்தான். ஒரு கையில் அடங்குகிற பிள்ளை. பால் இழுக்கத் தெம்பில்லை. பெயர் வைப்பதற்குள் போய்விட்டான். பகலில் அவன் முகத்தைப் பார்த்திருக்கிறேன். இருட்டிய பிறகு தொட்டுத்தான் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணெயைக் குடித்திருந்தால் அவன் பிழைத்திருப்பானா என்று நான் டாக்டரம்மாவிடம் கேட்டதில்லை. உன் நைனா கடைசிவரை அந்தப் பேச்சை எடுத்ததில்லை. உன் புத்தகங்களில் அதற்குப் பதில் இருக்கக்கூடும். நீ படித்தும் இருக்கலாம். இருந்தால் உன்னோடு வைத்துக்கொள், எனக்கு எழுதாதே. ஒரு பதில் வந்துவிட்டால் அதோடு நான் இந்த வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். பதில் தெரியாமல் உட்கார்ந்திருப்பது பழகிவிட்டது.

உன்னை மெட்ராசுக்கு பி.எஸ்ஸி. படிக்க அனுப்பியது உன் நைனாவின் துணிச்சல். நம் உறவில் எந்தப் பெண்ணும் ஹாஸ்டலில் தங்கிப் படித்ததில்லை. சுவாலஜி என்றால் தவளையை அறுக்க வேண்டும் என்று நீயாகத்தான் கெமிஸ்ட்ரி எடுத்தாய். ஹாஸ்டல் சமையற்காரம்மாவைச் சிநேகம் பிடித்துக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் உனக்கு மட்டும் ஒரு தட்டு சோறு வாங்கிச் சாப்பிட்டுவிடுவாயாம். கடைசி வருஷப் பரீட்சை நெருங்கியபோது நைனா மண்டியில் மூட்டைமேல் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நீ வந்து காரியம் முடித்துவிட்டுத் திரும்பிப் போய்ப் பரீட்சை எழுதினாய். எப்படி எழுதினாய் என்று நான் கேட்கவில்லை. நல்ல மார்க் வந்திருந்தது.

அப்புறம் மேலே படிக்க வேண்டும் என்றாய். உணவையும் அதிலுள்ள சத்தையும் பற்றிய படிப்பு என்றாய். உன் பெரியப்பா வந்திருந்தார். மண்டியைக் கைமாற்றி, நம் பங்கு நிலத்தையும் சேர்த்துப் பயிர் வைத்து, நமக்கு நெல் அளந்துகொண்டிருந்தவர் அவர்தான். அவர் கெட்டவர் இல்லை என்பதை மறந்துவிடாதே. மோர் குடித்துக்கொண்டே சிரித்தார். "சோறு ஆக்கறதுக்கு எம்.எஸ்ஸி.யா? வந்தவாசி பக்கம் நல்ல எடம் ஒண்ணு வந்துருக்குதும்மா. பையன் வாத்தியாரா இருக்கறான். இன்னா சொல்ற?" என்று என்னைக் கேட்டார். நான் உன்னைப் பார்த்தேன். நீ கல்லூரியிலிருந்து வந்திருந்த காகிதத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாய். "அவ நைனா இருந்தா அனுப்பிச்சிருப்பாரு மாமா" என்றேன். அவர் முன்னால் நான் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார்.

அந்தக் காகிதத்தில் இருந்ததை நீ எனக்குத் தமிழில் படித்துச் சொன்னாய். விஞ்ஞானப் பட்டம் இருக்க வேண்டும், இருக்கிறது என்றாய். கெமிஸ்ட்ரியோ மனையியலோ முதன்மைப் பாடமாகப் படித்திருக்க வேண்டும், இருக்கிறது என்றாய். இரண்டாம் வகுப்புக்குக் குறையாத மார்க், நல்ல உடம்பு என்று டாக்டர் சர்டிபிகேட், பெற்றவர்களின் சம்மதம், நேர்முகம். எல்லாவற்றுக்கும் இருக்கிறது, இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தவள் ஒரு வரியில் நின்றுவிட்டாய். உடலியல் ஒரு பாடமாகப் படித்திருக்க வேண்டுமாம். அது உன்னிடம் இல்லை. இருந்தாலும் விண்ணப்பம் போட்டாய். இந்த வருஷம் இடம் கொடுக்க முடியாது, உடலியலைத் தனியாக எழுதித் தேறி, செய்முறையும் முடித்துவிட்டு அடுத்த வருஷம் வா என்று பதில் வந்தது. செய்முறை என்றால் தவளை. எதற்குப் பயந்து கெமிஸ்ட்ரி எடுத்தாயோ அது நம் வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டது.

நீ வீட்டிலிருந்து படித்த அந்த ஒரு வருஷத்தைப் பற்றி நான் உன்னிடம் சொன்னதே இல்லை. உனக்கு அது வீணாய்ப் போன வருஷம். முன்னறையில் புத்தகங்களைப் பரப்பிக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். இங்கிலீஷில் முணுமுணுவென்று நெட்டுருப் போடுவாய். நான் அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். சிலசமயம் எழுந்து வந்து என் வயிற்றில் கைவைத்து, "இங்கதான் அம்மா ஈரல் இருக்குது, நீ சாப்பிட்ட முருங்கக்கீரை சத்தெல்லாம் இதுலதான் பத்திரமா இருக்குது" என்பாய். ஈரல் என்ற சொல்லை நம் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எனக்குக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் நீ சொல்லிக்கொண்டே இருக்கட்டும் என்று நிற்பேன். ஊரில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்து, ரேஷனில் கோதுமை போட்ட வருஷம் அது. கோதுமையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீதான் உடைத்துக் கஞ்சி வைக்கச் சொல்லிக்கொடுத்தாய். பசலைக்கொடியைக் கொல்லையில் ஏற்றியதும் நீதான். உன் நைனா போன பிறகு இந்த வீட்டில் நான் நன்றாகத் தூங்கியது அந்த வருஷம் மட்டும்தான்.

கோடையில் செய்முறைக்கு மெட்ராஸ் போய் வந்தாய். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும் நேரே கிணற்றடிக்குப் போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டாய். அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் பகல்வரைக்கும் சாப்பிடவில்லை. எப்படியோ சேதி மேல்சித்தாமூருக்குப் போய்விட்டது. பெரியப்பா வந்தார். உட்காரவில்லை.

"தவளைய அறுத்தியாமே?"

"ஆமாம் பெரிப்பா" என்றாய்.

"உயிரோடவா?"

"இல்ல. மயக்கம் குடுத்து."

அவர் வெகுநேரம் உன்னையே பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது, சுமதி. நீ தலையைக் குனிந்துகொண்டிருந்ததால் பார்க்கவில்லை. "நாம தண்ணிய வடிகட்டிக் குடிக்கிற ஜனம்மா" என்று என்னிடம் சொன்னார். "என் தம்பி வீடு. ஆனா இனிமே நான் இந்த வீட்ல கை நனைக்க மாட்டன்." சொன்னபடியே இருக்கிறார். அறுவடை முடிந்ததும் நெல் மூட்டை தவறாமல் வருகிறது. வண்டிக்காரன் இறக்கிவிட்டுப் போகிறான். அவர் வருவதில்லை. அவர் வராததால் மற்றவர்களும் வருவதில்லை. நம் கோயில் தேருக்குப் போனால் பெண்கள் என்னோடு பேசாமல் இல்லை. நான் வந்ததும் அதுவரை பேசிக்கொண்டிருந்ததை மாற்றிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். போன வருஷம் நான் தேருக்குப் போகவில்லை.

நேர்முகத்துக்கு நானும் உன்னோடு மெட்ராஸ் வந்தேன். மற்ற பெண்களின் அப்பாக்கள் பேன்ட் போட்டுக்கொண்டு இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். உன்னை உள்ளே கூப்பிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து என்னையும் கூப்பிட்டார்கள். நரைத்த தலையும் கனமான கண்ணாடியுமாக உன் புரொபசரம்மா இருந்தார்கள். எனக்கு நாற்காலி காட்டினார்கள்.

"உங்க பொண்ணு எல்லாத்துக்கும் நல்லா பதில் சொல்றா. எனக்கு ஒண்ணுதான் தெரியணும். இங்க முட்டை சமைக்கணும், கறி சமைக்கணும். எலிங்களை வெச்சு ஆராய்ச்சி பண்ணணும். பாதியில வீட்டுல வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னு இவ போயிட்டா, இன்னொரு பொண்ணோட இடம் வீணாப்போயிடும். நீங்க என்ன சொல்றீங்க?"

நீ என்னைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "சாப்புட மாட்டா. செய்வா" என்றேன். "அவ செய்யறதுல எனக்கு ஒத்துக்க முடியாததும் இருக்குது. அதுக்காவ அவள நான் கூப்புட்டுக்க மாட்டன்." அவர்கள் தலையை ஆட்டிவிட்டு, ஏன் இந்தப் படிப்பு என்று உன்னைத் தமிழிலேயே கேட்டார்கள், எனக்கும் புரியட்டும் என்றுதான் இருக்க வேண்டும். நீ என் கண் மங்கியதைச் சொன்னாய். கீரை ஆய்ந்ததைச் சொன்னாய். மாமிசம் தின்னாத ஜனங்கள் எதைத் தின்றால் குறையில்லாமல் இருக்கலாம் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றாய். தம்பியைப் பற்றி நீ சொல்லவில்லை. நான் பக்கத்தில் இருந்ததால்தான் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. இடம் கிடைத்த சந்தோஷத்தை விட அதுதான் பஸ்ஸில் திரும்பும்போது என் நெஞ்சில் இருந்தது.

இனி, நான் தனியாக இருப்பதைப் பற்றிக் கேட்டாயே, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மறைத்தால் நீ கண்டுபிடித்துவிடுவாய். தனியாகத்தான் இருக்கிறேன். ஓர் ஆளுக்குச் சமைப்பது எனக்கு இன்னும் கைவரவில்லை. எவ்வளவு குறைத்துப் போட்டாலும் மிஞ்சுகிறது. வடிகட்டி வைத்த தண்ணீர் குடத்தில் அப்படியே இருக்கிறது. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுகிறேன், அதற்குப் பிறகு படுக்கிறவரைக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. கரண்டு வந்துவிட்டது, விளக்குப் போடலாம். யாருக்காகப் போடுவது என்று சும்மா உட்கார்ந்திருக்கிறேன். கோட்டை மலை முதலில் மறையும், அப்புறம் எதிர்வீட்டுக் கூரை, அப்புறம் நம் வாசற்படி. யாராவது கூப்பிட்டுப் பேச்சுக் கொடுத்தால் தொண்டை கரகரக்கிறது. காலையிலிருந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பது அப்போதுதான் தெரிகிறது. தீபாவளிக்கு நீ வரவில்லை. தினம் காலையில் எலிகளை எடை பார்க்க வேண்டும், தீனி அளந்து வைக்க வேண்டும், எலிகளுக்கு லீவு கிடையாது அம்மா என்று எழுதியிருந்தாய். படித்திருந்தும் மெட்ராஸ் பஸ் வரும் நேரத்துக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்றேன். எல்லாரும் இறங்கிய பிறகு கண்டக்டர் என்னைப் பார்த்து, "யாரும்மா வரணும்?" என்றார். "யாரும் இல்லப்பா" என்று சொல்லிவிட்டு வந்தேன். செய்த பலகாரத்தைத் தெருவில் கொடுத்துவிட்டேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு உடனே பெட்டியைக் கட்டாதே. எலிகளைக் கொல்வது பாவமா என்று நீ கேட்கவில்லை. கேட்டால் பாவம் என்றுதான் சொல்வேன். உன் படிப்புக்காக அந்தச் சொல்லை மாற்றிக்கொள்ள என்னால் முடியாது. ஆனால் இந்த நாட்களில் ஒன்றை யோசித்துப் பார்த்தேன். முருங்கைக்கீரையில் கண்ணுக்கு வேண்டிய சத்து இருக்கிறது என்று டாக்டரம்மாவுக்கு எப்படித் தெரிந்தது? எங்கோ, யாரோ, இப்படி ஒரு கூண்டு எலிகளின் கண்ணைக் கெடுத்துப் பார்த்துத்தானே தெரிந்துகொண்டிருப்பார்கள்? மீனைத் தொடாமல் என் கையைச் சுத்தமாக வைத்துக்கொண்டேன் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அந்தக் கீரையைத் தின்று பார்வை பெற்றவள் நான். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு இருக்கிறது. எனக்கு முன்னால் யாரோ சுமந்திருக்கிறார்கள், எனக்குத் தெரியாமல். அதனால் நீ செய்தால் உன்னைத் தனியாக நிறுத்திக் குற்றம் சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. நீ செய்ய முடியாது என்றாலும் எனக்குப் புரியும். நானும் ஒருநாள் பாட்டிலை வேண்டாம் என்றவள்தான். ஆனால் நான் டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவர்கள் திட்டினார்கள், திட்டிவிட்டு வேறு வழி சொன்னார்கள்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அத்தனை பக்கத்தில் புரொபசரம்மாவிடம் பேசினேன் என்று ஒரு வரிகூட இல்லை. அவர்களிடம் நீ இன்னும் சொல்லவில்லை, அப்படித்தானே? போய்ச் சொல். என் கை இதற்கு வரவில்லை, வேறு ஆராய்ச்சி கொடுக்க முடியுமா என்று கேள். நம்மைப் போன்ற வீடுகளில் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள், உண்டான பிறகு என்னென்ன விலக்குகிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதுவதும் ஆராய்ச்சிதான் என்று நீதானே முதல் வருஷத்தில் எழுதினாய்? அதற்கு ஒரு வருஷம் கூட ஆகும் என்றால் ஆகட்டும். முடியாது, எலிதான் என்று அவர்கள் சொன்னால், செய்வதா விடுவதா என்று நீயே முடிவுசெய். விடுவதென்றால் இந்த ஒரு காரணத்துக்காக விட்டேன் என்று தலைநிமிர்ந்து சொல்லிவிட்டு வா. நான் வாசலில் நிற்பேன். அம்மா தனியாக இருக்கிறாள் என்று மட்டும் அவர்களிடம் சொல்லாதே. அது நிஜம்தான். ஆனால் உன் காரணம் அதுவல்ல. என்னைக் காரணமாகக் காட்டிவிட்டு வந்தால், பின்னால் என்றைக்காவது ஒரு நாள் என் முகத்தைப் பார்க்கும்போது உனக்கு அந்தக் கூண்டுகள் நினைவுக்கு வரும். அதை என்னால் தாங்க முடியாது.

பேச்சோடு பேச்சாக ஒன்று. முன்னறையை வாடகைக்கு விட்டுவிட்டேன். தாலுகா ஆபீசுக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருக்கிற கிளார்க், அவர் பெண்டாட்டி, ஒரு கைக்குழந்தை. அந்தப் பெண் நேற்று வந்து அறையைப் பார்த்தாள். "சைவந்தாம்மா நாங்க. ஆனா வெங்காயம், உருளைக்கிழங்கு எல்லாம் ஆக்குவோம். உங்களுக்குப் பரவால்லியா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். பரவாயில்லை என்றேன். குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய் ஜன்னல் திறக்கிறதா என்று பார்த்தாள். அது என் காதைப் பிடித்து இழுத்தது. வெள்ளிக்கிழமை சாமான்களோடு வருகிறார்கள்.

உன் புத்தகங்களைத் துடைத்து என் அறை அலமாரியில் அடுக்கிவிட்டேன். உன் கட்டிலைப் பிரித்து மச்சில் ஏற்றியாயிற்று. இனிமேல் நீ லீவில் வந்தாலும், எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தாலும், இந்த வீட்டில் உனக்கென்று ஓர் அறை இல்லை. என் பக்கத்தில்தான் பாயைப் போட்டுப் படுக்க வேண்டும். நீ வந்துவிடுவாயோ என்று அந்த அறையைத் தினம் பெருக்கி வைத்துக்கொண்டிருப்பதை நிறுத்த எனக்கு வேறு வழி தெரியவில்லை.

வெளிச்சம் குறைந்துகொண்டு வருகிறது. எழுத்து எனக்குத் தெரிகிறது, பயப்படாதே, கண்ணுக்கு ஒன்றுமில்லை. இதற்குமேல் ஒரு வரி எழுதினாலும் வா என்று எழுதிவிடுவேன். இங்கேயே நிறுத்துகிறேன்.

அம்மா